எம்ஆர்டிஜியை எடுத்துவிட்டுக் கிராஃபானா போடலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. ஒரு பொறியியல் கல்லூரி வளாகம். 60 சுவிட்சுகள், கவனிக்க வேண்டிய போர்ட்டுகள் சுமார் 500, வெளியே போக 1 ஜிபிபிஎஸ் இணைப்புகள் இரண்டு. போர்ட்டுகளில் ஓடும் டிராஃபிக்கை அளந்து கிராஃப் வரையும் எம்ஆர்டிஜியும் கேக்டையும் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிதாகச் சேர்ந்த பொறியாளர் "இவையெல்லாம் காலாவதியானவை, அளவுகளைச் சேமிக்கப் புரோமித்தியஸும் படம் காட்டக் கிராஃபானாவும் போடலாம்" என்கிறார். மூத்தவரோ "ஓடுவதை ஏன் தொட வேண்டும்?" என்கிறார். எதைக் கேட்பது?

இருவருமே கருவியின் வயதைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வயதை வைத்து இங்கே எதையும் முடிவு செய்ய முடியாது. இரண்டு தலைமுறைக் கருவிகளும் ஒரே சுவிட்சிடம், நெட்வொர்க் சாதனங்களிடம் விவரம் கேட்கும் நெறிமுறையான அதே எஸ்என்எம்பி வழியாக, ஒரே எண்ணைத்தான் கேட்டு வாங்குகின்றன: இந்தப் போர்ட்டில் இதுவரை எத்தனை பைட் உள்ளே வந்தது, எத்தனை வெளியே போனது. வாங்கிய எண்ணை என்ன செய்கின்றன என்பதில்தான் வேறுபாடு. பழையவை எந்த விவரத்தை எத்தனை நாள் வைத்திருப்பது என்பதைக் கோப்பை உருவாக்கும் அன்றே தீர்மானித்துவிடுகின்றன. புதியவை வந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, நீங்கள் கேள்வி கேட்கும்போது கணக்குப் போடுகின்றன. ஆகவே நான் முதலில் கேட்பது இதுதான்: உங்களிடம் நாளை என்ன கேள்வி வரும் என்று இன்றே தெரியுமா?

எம்ஆர்டிஜி பிறந்த கதையைப் பார்த்தால் அதன் குணம் விளங்கும். 1994இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மொத்த இணையமும் ஒரே ஒரு 64 கேபிபிஎஸ் இணைப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று டோபியாஸ் ஓட்டிகர் பெர்ல் மொழியில் எழுதியதுதான் எம்ஆர்டிஜி. வேகம் போதவில்லை. கணக்கையும் படம் வரைவதையும் சி மொழியில் டேவ் ராண்ட் எழுதிக் கொடுத்தார். 1997இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பிறகு சேமிப்புப் பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து, 1999இல் ஆர்ஆர்டிடூல் என்று ஓட்டிகர் வெளியிட்டார். கேக்டை, முனின், அப்சர்வியம், லிப்ரெ என்எம்எஸ் எல்லாம் இந்த ஆர்ஆர்டிடூல் மேல் கட்டியவை. எனவே உங்கள் மூத்தவர் காப்பாற்ற நினைப்பது எம்ஆர்டிஜியை மட்டுமன்று. ஒரு சேமிப்பு முறையையே.

அந்த முறையின் அழகு, கோப்பு வளராது என்பது. எம்ஆர்டிஜியின் வழக்கப்படி கணக்கு இப்படி: ஐந்து நிமிடச் சராசரிகள் 600, அரை மணி நேரச் சராசரிகள் 700, இரண்டு மணி நேரச் சராசரிகள் 775, ஒரு நாள் சராசரிகள் 797. இடம் நிரம்பியதும் மிகப் பழைய எண்ணின் மேல் புதிய எண் எழுதப்படும். ஓர் எண்ணுக்கு 8 பைட். உள்ளே, வெளியே என்று இரண்டு, அவற்றுக்குச் சராசரியும் உச்சமும் என்று இரண்டு எனப் பெருக்கினால் ஒரு போர்ட்டுக்குச் சுமார் 92 கிலோபைட். உங்கள் 500 போர்ட்டுகளின் இரண்டாண்டு வரலாறு 46 மெகாபைட்டில் அடங்கிவிடும். வட்டு நிரம்பி சர்வர் விழுந்தது என்ற பேச்சே வராது. பத்தாண்டுகள் யாரும் தொடாமல் ஒரு மூலையில் எம்ஆர்டிஜி ஓடிக்கொண்டிருக்க முடிவதன் காரணம் இதுதான்.

இனி அதே கணக்கின் மறுபக்கம். 600 ஐந்து நிமிடங்கள் என்றால் 50 மணி நேரம். திங்கட்கிழமை காலை 11 மணிக்கு ஆன்லைன் தேர்வு தடைபட்டது, ஏன் என்று வியாழக்கிழமை கேட்டால், உங்களிடம் இருப்பது அரை மணி நேரச் சராசரி மட்டும். மூன்று வாரம் கழித்துக் கேட்டால் இரண்டு மணி நேரச் சராசரி. விவரம் மறைக்கப்படவில்லை, அழிக்கப்பட்டுவிட்டது. எந்த நிபுணரை அழைத்தாலும் திரும்பி வராது.

இதைவிடப் பெரிய சேதம் ஆண்டு கிராஃபில் நடக்கிறது. ஒரு சாதாரண வேலைநாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 9 முதல் மாலை 6 வரை இணைப்பில் 800 எம்பிபிஎஸ் ஓடுகிறது, மீதி 15 மணி நேரம் 20 எம்பிபிஎஸ். நாள் சராசரி என்ன? 9 பெருக்கல் 800, கூட்டல் 15 பெருக்கல் 20, வகுத்தல் 24: 312.5 எம்பிபிஎஸ். ஆண்டு கிராஃபில் தெரிவது இந்த 312தான். 1 ஜிபிபிஎஸ் இணைப்பில் மூன்றில் ஒரு பங்குகூட நிரம்பவில்லை என்று படம் சொல்கிறது. விடுதி மாணவர்களும் ஆய்வகமும் பகலெல்லாம் மெதுவாக இருக்கிறது என்று புலம்புகிறார்கள். நிதிக் குழுவில் இந்தப் படத்தை நீட்டி "இணைப்பைப் பெரிதாக்க வேண்டும்" என்று கேட்டால் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. படம் பொய் சொல்லவில்லை. சராசரியைக் கேட்டீர்கள், சராசரியைக் கொடுத்தது.

இதற்கு மருந்து பழைய கருவிக்குள்ளேயே இருக்கிறது. ஆர்ஆர்டிடூல் எழுதும் ஆர்ஆர்டி கோப்பில் சராசரியோடு உச்ச மதிப்பையும் சேமிக்கச் சொல்லலாம். எம்ஆர்டிஜியில் வார, மாத, ஆண்டு கிராஃப்களில் உச்சத்தையும் சேர்த்து வரையச் சொல்ல ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டால் ஆண்டு கிராஃபில் 800 தெரியும். பல இடங்களில் இது போடப்படாமலேயே கிடக்கிறது. ஆனால் அந்த உச்சமும் ஐந்து நிமிடச் சராசரிகளில் உச்சம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் 20 வினாடி மட்டும் இணைப்பு முழுதாக நிரம்பி, மீதி 280 வினாடி 100 எம்பிபிஎஸ் ஓடினால், பதிவாவது 160 எம்பிபிஎஸ். அந்த 20 வினாடியில் வீடியோ வகுப்பு உறைந்து நின்றதும் குரல் அழைப்பு அறுந்ததும் எந்தப் படத்திலும் இராது.

புதிய தலைமுறைக்கு வருவோம். புரோமித்தியஸ் 2012இல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் தொடங்கியது. 2016இல் குபெர்னெட்டிஸுக்கு அடுத்த இரண்டாவது திட்டமாகக் கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷனில் சேர்ந்தது. கிராஃபானாவை டார்கெல் ஓடெகார்ட் கிபானா 3 என்ற கருவியிலிருந்து பிரித்து 2014இல் வெளியிட்டார். இரண்டும் பிறந்த இடம் சர்வர்களின் உலகம். சுவிட்சும் ரவுட்டரும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. எஸ்என்எம்பியைப் புரோமித்தியஸுக்குப் புரியும் வடிவில் மாற்றித் தர எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் என்ற இடைத்தரகர் தேவைப்படுவது அதனால்தான்.

எவ்வளவு இடம் பிடிக்கும்? ஒரு போர்ட்டுக்குப் பைட், பாக்கெட், பிழை, கைவிடப்பட்டவை, நிலை என்று 30 தொடர்கள், அதாவது நேரவரிசையில் சேரும் 30 தனித்தனி அளவுகள், வரும் என்று வைப்போம். 500 போர்ட்டுக்கு 15,000 தொடர்கள். 30 வினாடிக்கு ஒருமுறை எடுத்தால் வினாடிக்கு 500 அளவுகள், நாளைக்கு 4 கோடியே 32 லட்சம். ஓர் அளவுக்கு 1 முதல் 2 பைட் ஆகும் என்பது புரோமித்தியஸின் வழக்கமான கணக்கு. அப்படியானால் நாளைக்கு 43 முதல் 86 மெகாபைட், ஆண்டுக்குச் சுமார் 16 முதல் 31 ஜிகாபைட். 1999இல் இது கனவு. இன்று ஒரு மலிவான எஸ்எஸ்டியின் மூலையில் அடங்கும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. பழையது சிக்கனம், புதியது ஊதாரி என்ற எண்ணம், ஒரே அளவு விவரத்தை வைத்து ஒப்பிட்டால் தலைகீழாகிவிடும். ஆர்ஆர்டியில் ஒரு நிமிட விவரத்தை ஓர் ஆண்டுக்கு வைக்கச் சொல்லுங்கள்: 5,25,600 வரிசை, இரண்டு எண், தலா 8 பைட்; போர்ட்டுக்கு 8.4 மெகாபைட். அதே இரண்டு தொடர்களைப் புரோமித்தியஸ் சுமார் 2 மெகாபைட்டுக்குள் சுருக்கிவிடும். ஆர்ஆர்டி சிக்கனமாகத் தெரிவது அது விவரத்தைத் தூக்கி எறிவதால்தான். அதேபோல, ஆர்ஆர்டியால் நுணுக்கமாக வைத்திருக்க முடியாது என்பதும் தவறு. 500 போர்ட்டுக்கு 4.2 ஜிகாபைட் ஒதுக்கினால் ஓராண்டு முழுக்க நிமிட விவரம் இருக்கும். 600 வரிசை, 700 வரிசை என்பதெல்லாம் வட்டு விலை உயர்ந்திருந்த காலத்தின் இயல்பமைப்பு. யாரும் மாற்றாததால் இன்றும் ஓடுகிறது. ஒரே கட்டுப்பாடு, இதைக் கோப்பை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஓர் அளவு என்ற படியில் பிறந்த கோப்பை ஒரு நிமிடப் படிக்கு மாற்றுவது பெரும்பாடு.

சரி, புதியது எல்லாவற்றையும் வைத்திருக்கிறது, அதனால் உண்மையைச் சொல்லும் என்று நம்பலாமா? அங்கேதான் உங்கள் இளைய பொறியாளர் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, புரோமித்தியஸ் எதுவும் சொல்லாவிட்டால் 15 நாள்தான் வைத்திருக்கும். ஓர் அமைப்பை மாற்றினால் தீரும் விஷயம். மாற்ற மறந்தால் எம்ஆர்டிஜியின் மங்கலான இரண்டாண்டு வரலாறு எவ்வளவோ மேல். இரண்டாவது, கொஞ்சம் நுட்பமானது. கிராஃபானாவில் எல்லோரும் எழுதும் கேள்வி "கடந்த ஐந்து நிமிட வேகம் என்ன" என்பது. ஆறு மணி நேரப் படத்தில் இது சரியாக வரும். அதே படத்தை ஓராண்டுக்கு விரித்தால், திரையில் இருக்கும் புள்ளிகளுக்கு ஏற்ப இரண்டு புள்ளிகளுக்கு நடுவே பல மணி நேரம் இடைவெளி விழும். ஒவ்வொரு புள்ளியிலும் அது கடைசி ஐந்து நிமிடத்தை மட்டும் பார்க்கும். நடுவில் போன மணிகளைத் தொடவே தொடாது. ஆண்டு முழுவதன் படம் என்று நீங்கள் நினைப்பது, நாளுக்குச் சில ஐந்து நிமிடத் துணுக்குகளின் கோவை. அந்தத் துணுக்கு நள்ளிரவில் விழுந்தால் வளாகமே காலி என்று தோன்றும். ஐந்து நிமிடம் என்று கையால் எழுதாமல், படத்தின் அகலத்துக்கேற்ப இடைவெளியைத் தானே எடுத்துக்கொள்ளும் மாறி கிராஃபானாவில் இருக்கிறது, அதைப் போடுங்கள். போட்டால் கிடைப்பது என்ன? மீண்டும் சராசரி. அதாவது மேலே சொன்ன 312 புதிய வண்ணத்தில் திரும்பி வரும். உச்சம் வேண்டுமென்றால் இங்கேயும் தனியாகக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டால் கிடைக்கும், ஏனென்றால் மூலம் அழியவில்லை. முழு வேறுபாடும் இவ்வளவுதான்.

இன்னொரு பொறி இரு தலைமுறைக்கும் பொது. எத்தனை பைட் போனது என்று சாதனம் எண்ணிவைக்கும் எண்தான் கவுன்ட்டர். எஸ்என்எம்பியின் பழைய கவுன்ட்டர் 32 பிட். 429 கோடி பைட் எண்ணியதும் சுழிக்குத் திரும்பிவிடும். 100 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் அதற்கு 343 வினாடி ஆகும், ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். எனவே அந்தக் காலத்தில் தப்பித்தோம். 1 ஜிபிபிஎஸ் வேகத்தில் 34 வினாடியில் சுற்றிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் கருவிக்கு நடுவில் எட்டு முறை சுற்றியது எப்படித் தெரியும்? ஒரே ஒரு முறை சுற்றியதாக நினைத்துக் கணக்குப் போடும். அதனால் ஐந்து நிமிடப் படியில் 32 பிட் கவுன்ட்டர் காட்டக்கூடிய உச்சம் சுமார் 114 எம்பிபிஎஸ். உங்கள் 1 ஜிபிபிஎஸ் இணைப்பின் கிராஃப் 114ஐத் தாண்டாமல், ரம்பப் பல் போல ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் காரணம் இதுதான். இணைப்புத் தருபவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். 64 பிட் கவுன்ட்டர் எஸ்என்எம்பியின் இரண்டாம் பதிப்பு முதல்தான் கிடைக்கும். எம்ஆர்டிஜியில் இலக்கு வரியின் கடைசியில், ரவுட்டரின் பெயரை அடுத்து ஐந்து முக்காற்புள்ளிகள் வைத்து 2 என்று எழுதினால் போதும். இந்த ஒரே ஓர் எழுத்து இல்லாததால் "எம்ஆர்டிஜி ஜிகாபிட்டுக்கு ஆகாது" என்று தீர்ப்பு எழுதிவிட்ட இடங்கள் உண்டு.

கவுன்ட்டர் குறைந்தால் என்ன அர்த்தம் என்பதில் இரண்டு தலைமுறையும் எதிரெதிராக யோசிப்பது சுவையான விஷயம். ஆர்ஆர்டியின் கவுன்ட்டர் வகை, எண் குறைந்தால் "சுற்றிவிட்டது" என்று எடுத்துக்கொள்ளும். புரோமித்தியஸ் "சாதனம் மறுபடி தொடங்கியது" என்று எடுத்துக்கொள்ளும். எனவே சுவிட்ச் மின்சாரம் போய் வந்தால், உச்ச வரம்பு வைக்காத ஆர்ஆர்டியில் வானளவு ஓர் ஊசி எழும்பும். அந்த ஓர் ஊசியால் மற்ற மாதங்களெல்லாம் தரையோடு தரையாகிவிடும். மறுபக்கம், 32 பிட் கவுன்ட்டரைப் புரோமித்தியஸிடம் கொடுத்தால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் டிராஃபிக்கைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். ஊசியாவது கண்ணில் படும். விழுங்கியது படாது.

ஊசி எழாமல் இருக்கத்தான் பழைய கருவிகளில் உச்ச வரம்பு வைக்கிறோம். அந்த வரம்பே பிறகு வில்லனாகும். 100 எம்பிபிஎஸ் இருந்த காலத்தில் வினாடிக்கு 1,25,00,000 பைட் என்று வரம்பு எழுதியிருப்பார்கள். இணைப்பு 1 ஜிபிபிஎஸ் ஆகும், ரவுட்டர் மாறும், பில் தொகை மாறும், இந்த வரி மட்டும் மாறாது. வரம்புக்கு மேல் வரும் எண்ணைக் கருவி ஏற்காது. டிராஃபிக் உச்சத்துக்குப் போகும் நேரத்தில் மட்டும் சரியாகக் கிராஃப் காணாமல் போகும் அதிசயம் இப்படித்தான் நிகழ்கிறது. கோப்பின் வரம்பை ஆர்ஆர்டிடூலின் டியூன் கட்டளையால் மாற்றலாம், வரலாறு அழியாது. எம்ஆர்டிஜியைச் சீர்செய்ய உட்கார்ந்தால் இன்னும் இரண்டு: அது பைட்டில் காட்டும், பிட்டில் காட்டச் சொல்ல வேண்டும், புதிய நேரத்தை இடப்பக்கம் வைத்து வரையும், வலப்பக்கம் வளரச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவதை மாற்றாமல் ஏறுமுகத்தை இறங்குமுகமாகப் படித்துக் காட்டும் கூட்டங்கள் இன்றும் நடக்கின்றன.

இனி ஆள் கணக்கு. எம்ஆர்டிஜி என்பது ஓர் எழுத்துக் கோப்பும், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் ஒரு வரியும். எழுதியவர் வேலையை விட்டுப் போனாலும் அடுத்தவர் திறந்து படித்துப் புரிந்துகொள்வார். புரோமித்தியஸ் வழியில் புரோமித்தியஸ், எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர், எச்சரிக்கை அனுப்ப அலர்ட்மேனேஜர், படம் காட்ட கிராஃபானா என்று நான்கு உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் தனி அமைப்பு, தனிப் பதிப்பு. இடைமுகங்களைப் பற்றிய பொதுவான தகவல் எக்ஸ்போர்ட்டரிலேயே தயாராக இருக்கிறது. ஆனால் உங்கள் சுவிட்சின் வெப்பநிலையோ மின்விசிறியோ வேண்டுமென்றால், எந்த அளவை எந்த எண்ணில் கேட்க வேண்டும் என்று சொல்லும், தயாரிப்பாளரின் மிப் கோப்புகளைத் தேடியெடுத்து, எக்ஸ்போர்ட்டரின் ஜெனரேட்டர் என்ற நிரல் வழியாக நீங்களே அமைப்பை உருவாக்க வேண்டும். புதிய சுவிட்ச் வாங்கினால் அது தானாகப் பட்டியலில் வந்து சேராது; அதற்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். சர்வர் குழு ஏற்கெனவே புரோமித்தியஸ் ஓட்டுகிறது என்றால் இவையெல்லாம் பாதி முடிந்த வேலை. அப்படி இல்லாத கல்லூரியில், ஒரே ஓர் இளைஞரின் ஆர்வத்தை நம்பி நான்கு சக்கரத்தையும் மாட்டிவிட்டு, அவர் வேறு வேலைக்குப் போன பிறகு என்ன ஆகும் என்பதையும் இப்போதே யோசியுங்கள்.

சுவிட்சின் பக்கமும் பார்க்க வேண்டும். புதிய கருவி வந்ததும் எல்லாவற்றையும் 5 வினாடிக்கு ஒருமுறை கேட்கலாம் என்று கை பரபரக்கும். எஸ்என்எம்பிக்குப் பதில் சொல்வது சுவிட்சின் சின்னஞ்சிறு சிபியு. பயனர்களின் கணினிகள் நேரடியாக இணையும் பழைய அணுக்கச் சுவிட்சில் 48 போர்ட்டின் முழு அட்டவணையை அடிக்கடி வரிசையாகப் படித்தால் அது திணறும். தவிர, சில சாதனங்கள் கவுன்ட்டரைச் சில வினாடிக்கு ஒருமுறைதான் உள்ளுக்குள் புதுப்பிக்கின்றன. அதைவிட வேகமாகக் கேட்டால் ஒருமுறை சுழியும் மறுமுறை இரட்டிப்பும் மாறி மாறி வரும். வெளி இணைப்புக்கு 30 வினாடி, மற்றவற்றுக்கு ஒரு நிமிடம் அல்லது ஐந்து நிமிடம் என்று பிரித்து வைப்பது போதும். உண்மையிலேயே வினாடிக்குக் கீழே போக வேண்டிய தேவை இருக்கும் பெரிய நெட்வொர்க்குகள் எஸ்என்எம்பியை விட்டு, சாதனமே தள்ளி அனுப்பும் டெலிமெட்ரிக்குப் போகின்றன. உங்களுக்கு அது வேண்டாம்.

அப்படியானால் என் பரிந்துரை என்ன? இருவர் சொன்னதும் இல்லாமல், நடுவில் இருக்கும் லிப்ரெ என்எம்எஸ். 2013இல் அப்சர்வியத்திலிருந்து பிரிந்தது, ஜிபிஎல் உரிமத்தில் இலவசம். ஒரு சுவிட்சின் முகவரியைக் கொடுத்தால் சாதனங்கள் தம்மை அண்டைச் சாதனங்களுக்கு அறிவிக்கும் எல்எல்டிபி வழியாகப் பக்கத்துச் சுவிட்சுகளைத் தானே கண்டுபிடிக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்களின் வெப்பநிலை, மின்விசிறி, ஒளியிழை அளவுகள் எல்லாம் தயாராகவே வரும். எச்சரிக்கை உள்ளுக்குள்ளேயே உண்டு. 64 பிட் கவுன்ட்டரைக் கேட்டு வாங்கத் தெரியும். அடியில் சேமிப்பு ஆர்ஆர்டிதான், ஆகவே வட்டு பயமில்லை; மூத்தவருக்குப் பழகிய உலகம். வேண்டும்போது அதே தரவை இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்துக்கோ புரோமித்தியஸுக்கோ ஒரு நகல் அனுப்ப முடியும். இளையவர் வெளி இணைப்புகளுக்குக் கிராஃபானா படம் கட்டிக்கொள்ளலாம். நிறுவும் அன்றே ஒரு நிமிடப் படியையும், ஒரு நிமிட விவரம் எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடுங்கள். பிறகு மாற்றினால் தலைவலி என்று மேலேயே சொன்னேன். போர்ட்டுகள் பல ஆயிரம் ஆனால் ஒவ்வொரு கோப்பிலும் துளித்துளியாக எழுதி வட்டு திணறும். எழுதுவதைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதும் ஆர்ஆர்டிகேஷ்டி அதற்காகத்தான் இருக்கிறது.

ஸாபிக்ஸ் பற்றியும் கேட்பீர்கள். நல்ல கருவி, சர்வர், சுவிட்ச், யுபிஎஸ் எல்லாவற்றுக்கும் ஒரே கூரை வேண்டுமென்றால் அதுவே போதும். தரவுத்தளத்தைப் பராமரிக்க ஆள் இருக்க வேண்டும்.

கேக்டையை வைத்துக்கொள்வதானால் ஒரு நிபந்தனை. 2022 டிசம்பரில் அதில் வெளியான ஓட்டை, உள்நுழையாமலேயே சர்வரில் கட்டளை ஓட்ட வழி கொடுத்தது, அது 1.2.23 பதிப்பில் அடைக்கப்பட்டது. ஓடுவதைத் தொடாதே என்ற கொள்கையில் அதைவிடப் பழைய பதிப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் முன் அதை வெளி உலகத்திலிருந்து துண்டியுங்கள். புதியவை யோக்கியம் என்று இதற்கு அர்த்தமில்லை: 2021 டிசம்பரில் கிராஃபானாவின் 8ஆம் வரிசைப் பதிப்புகளில், யார் வேண்டுமானாலும் சர்வரின் கோப்புகளைப் படிக்கும் ஓட்டை வெளிவந்தது. புரோமித்தியஸின் வலைப்பக்கம் திறக்கும் 9090 என்ற நெட்வொர்க் போர்ட் எண்ணுக்கு இயல்பாகக் கடவுச்சொல்லே கிடையாது. எல்லாவற்றையும் நிர்வாகத்துக்கென்று தனியாகப் பிரித்த நெட்வொர்க்கான நிர்வாக விலேனுக்குள் வையுங்கள். சுவிட்சுகளில் எஸ்என்எம்பிக்குக் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி சொல் "பப்ளிக்" என்றே இன்னும் இருந்தால் மாற்றுங்கள். முடிந்த சாதனங்களில் எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பு.

இணைப்பு வாங்கிய நிறுவனம் 95ஆம் சதமானக் கணக்கில் பில் போடுகிறதா என்று பாருங்கள். 30 நாளில் ஐந்து நிமிட அளவுகள் 8,640. அவற்றை வரிசைப்படுத்தி மேலே இருக்கும் 5 சதவீதத்தை, அதாவது 432 அளவுகளை, 36 மணி நேரத்தைக் கழித்துவிட்டு அடுத்ததற்குப் பணம் வாங்குவார்கள். இதைச் சரிபார்க்க ஒரு மாதம் முழுக்க ஐந்து நிமிட விவரம் கையில் இருக்க வேண்டும். பழைய இயல்பமைப்பில் 50 மணி நேரம்தான் இருக்கும் என்பதால், அவர்கள் சொன்ன எண்ணை அப்படியே ஏற்பதைத் தவிர வழியில்லை. லிப்ரெ என்எம்எஸ்ஸில் இதற்கென்றே பில் பகுதி ஒன்று உண்டு. நிலையான மாதக் கட்டணம் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடலாம்.

எந்தக் கருவியும் இதுவரை சொல்லாத ஒன்று மிச்சம்: யார் பயன்படுத்தினார்கள்? கவுன்ட்டர் எவ்வளவு என்று மட்டும் சொல்லும். எந்த முகவரி, எங்கே போனது என்பதற்கு நெட்ஃப்ளோ, எஸ்ஃப்ளோ போன்ற வழிகள் வேண்டும். எல்லைப் பகுதி ரவுட்டரிலிருந்து நெட்ஃப்ளோவை அனுப்பச் சொல்லி என்எஃப்டம்ப் என்ற எளிய கருவியில் சேமித்தால், "நேற்று 11 மணிக்கு இணைப்பை நிரப்பியது எந்த முகவரி" என்ற கேள்விக்கு ஒரு வரிக் கட்டளையில் பதில் வரும். கிராஃபானாவுக்கு மாறினால் இதுவும் தெரியும் என்று நினைப்பவர்கள் பலர், தெரியாது. அதேபோல, 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட வழிகாட்டுதல் 180 நாள் பதிவுகளை நாட்டுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. டிராஃபிக் கிராஃப் வைத்திருக்கிறோம் என்பது அதற்குப் பதிலாகாது. அங்கே கேட்பது ஃபயர்வால், சர்வர் போன்றவற்றின் பதிவுகளை. நேரத்தை என்டிபி வழியாக ஒத்திசைக்கவும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அதை எப்படியும் செய்யுங்கள், இல்லாவிட்டால் கிராஃபில் 11 மணிக்கு எழும்பிய உச்சமும் ஃபயர்வாலில் 11 மணிக்கு இருக்கும் வரியும் ஒன்றையொன்று சந்திக்காது.

தாமதத்துக்கும் பாக்கெட் இழப்புக்கும் ஸ்மோக்பிங். அதுவும் ஓட்டிகர் எழுதியதுதான், பழையதுதான். இணைப்பு நிரம்பவில்லை, ஆனால் மெதுவாக இருக்கிறது என்ற புகாரைத் தீர்க்க அதற்கு இணையாக எளிதான வேறொன்றை நான் பார்க்கவில்லை. வெளி நுழைவாயில், இணைப்புத் தருபவரின் முதல் ரவுட்டர், வெளியே ஒரு நிலையான முகவரி என்று மூன்றுக்கு மட்டும் போடுங்கள். தாமதம் ஏறி இறங்குவதை அது புகைபோல வரையும்; அந்தப் புகை எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பார்த்தாலே தவறு யார் பக்கம் என்று பாதி தெரிந்துவிடும்.

மாறும் முறை பற்றிக் கடைசியாக. பழைய ஆர்ஆர்டி வரலாற்றைப் புதிய கருவிக்குள் திணிக்க முயலாதீர்கள். இரண்டு மணி நேரச் சராசரியைப் புரோமித்தியஸில் ஏற்றினாலும் அது இரண்டு மணி நேரச் சராசரிதான். இரண்டையும் ஒரு பருவத் தேர்வுக் காலம் முடியும்வரை பக்கம் பக்கமாக ஓட விடுங்கள். ஒரே போர்ட்டின் ஒரே நாளை இரண்டிலும் எடுத்து ஒப்பிடுங்கள். எண்கள் பொருந்தாத போர்ட்டுகளில் 32 பிட் கவுன்ட்டரோ பழைய வரம்போ ஒளிந்திருக்கும். சுவிட்சை மறுபடி தொடங்கியதும் போர்ட்டின் உள் எண் மாறிவிடும் சாதனங்கள் உண்டு என்பதால், எண்ணை வைத்து அடையாளம் காணும் பழைய அமைப்புகளில் போர்ட்டின் பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு எம்ஆர்டிஜியின் கிரான் வரியை நிறுத்திவிட்டு, கடைசி ஆண்டுப் படங்களைச் சாதாரண வலைப்பக்கமாக அப்படியே விட்டுவிடலாம். ஆர்ஆர்டி கோப்புகளை வேறு சர்வருக்கு நகர்த்துவதானால், நேரடியாகப் பிரதியெடுக்காமல் ஆர்ஆர்டிடூலின் டம்ப் கட்டளையால் எக்ஸ்எம்எல் ஆக்கி அங்கே ரெஸ்டோர் செய்யுங்கள்; 32 பிட் இயந்திரத்தில் எழுதிய கோப்பை 64 பிட் இயந்திரம் படிக்காது. பழைய இயந்திரத்தை அணைக்கும் முன் இதை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் டம்ப் எடுக்க அந்த இயந்திரமே வேண்டும்.